தராசுக்கு இருக்கிற கணக்கு கம்ப்யூட்டருக்கு இல்லையா?

புதுக்கோட்டை கீழராஜ வீதி கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க. மின்னணுத் தராசுக்கு முத்திரை என்றைக்கு முடிகிறது என்று தேதியோடு சொல்வார். ஆண்டுதோறும் போட்டாகணும், தவறினால் அபராதம்! இருப்பது இரண்டு தராசு, நினைவில் நிற்கிறது.

நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர் ஓடும் ஆபீசில்? இணையத்தில் நம் பணமும் பட்டாவும் போகிற வழிக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. பல இடங்களில் மெஷின்கள் ஒரு பதிவேட்டில், சான்றிதழ்கள் இன்னொன்றில். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது!

அமெரிக்காவில் ஈக்விபாக்ஸ் என்ற கடன் விவரக் கம்பெனி இதில்தான் மாட்டியது. திருட்டைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் கிடந்தது. கருவி குருடாக உட்கார்ந்திருந்தது. 2017 ஜூலையில் புதுச் சான்றிதழ் போட்டார்கள். உடனே திருட்டு தெரிந்தது. அதற்குள் சுமார் 14.7 கோடி பேரின் விவரம் போயே போச்சு!

இனி இன்னும் கஷ்டம். சான்றிதழின் உச்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள். 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் நடக்குமா?

இரண்டு பதிவேட்டையும் இணைக்க வேண்டும். எந்தச் சான்றிதழ், எந்த மெஷினில், என்றைக்கு முடிகிறது, யார் பொறுப்பு? தினமும் கம்ப்யூட்டரே ஒத்துப் பார்க்கட்டும். மெஷினைக் கழித்தால் அதன் சான்றிதழும் ரத்தாகணும். டெண்டரிலேயே இதை எழுதிவிடலாமே! அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறி வந்தவரிடம் "சர்வர் வேலை செய்யலை, நாளைக்கு வாங்க" என்கிறவர்கள், முதலில் அந்தப் பதிவேட்டைக் காட்டட்டும்.