ஆஸ்பத்திரி வண்டியா பாப்பா?

மெத்தை போட்ட வேனைப் பார்த்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு ரீல்ஸ்தான். பின்கதவைத் திறந்தால் அருவி, கையில் காபி டம்ளர், பின்னணியில் இளையராஜா. கேரளாவில் அரசே 2021-ல் ‘கேரவன் கேரளா’ என்று தனித் திட்டம் அறிவித்தது. ‘நாமும் ஒரு தடவை போகணும்’ என்று சேவ் பண்ணி வைத்த வீடியோக்களே என் மொபைலில் பாதி இடத்தைப் பிடித்திருக்கின்றன.

போன ஆயுத பூஜை லீவில் அப்படி ஒரு ட்ரிப் போய் வந்தேன். அருவி பார்த்தேன். ஆனால் இன்று வரை மனதில் நிற்பது, எங்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்து ஓர் ஆயா கேட்ட கேள்விதான். அதுதான் மேலே தலைப்பாக இருக்கிறது.

எண்ணிக்கை எழுதிய ஊர்

என் சொந்த ஊர் திருக்கோவிலூர். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது நாங்களும் அதில் சேர்ந்தோம். கல்வராயன் மலையும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. “அங்கெல்லாம் எதுக்குடி? சாராயம் காய்ச்சுற மலை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார் அம்மா.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது, டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு நைட் ஷிஃப்ட். தலைப்பில் பலி எண்ணிக்கையை மாற்றுவதுதான் வேலை. அது 60-ஐத் தாண்டிப் போனது. “உங்க ஊர்ப் பக்கமா?” என்று ஆபீஸில் கேட்காதவர்கள் இல்லை. அதன் பிறகு இணையத்தில் கல்வராயன் என்று தேடினாலே ஊறல், ரெய்டு, கைது என்றுதான் வந்தது. நேரில் பார்க்காத ஒரு மலையைப் பற்றி இத்தனை முறை எழுதிவிட்டோமே என்று எனக்கே உறுத்தியது. அதனால்தான் கிளம்பினேன்.

இடைகழி வேன்

சித்தப்பா டெம்போ டிராவலர் ஓட்டுகிறார். சபரிமலை, மேல்மருவத்தூர் சீசனில் அவரைப் பிடிக்கவே முடியாது. சீட்டைக் கழற்றி வண்டியை மாற்றியமைக்க ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்பதால், பின் சீட்டுகளுக்கு நடுவே டிரங்குப் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, வீட்டு இலவம்பஞ்சு மெத்தையை விரித்தோம். ஜன்னலுக்கு அம்மாவின் பழைய சேலை. கேம்பர் வேன் ரெடி!

சித்தப்பா, சித்தி, அம்மா, ஒன்பதாவது படிக்கும் தம்பி, நான். “இதுல அஞ்சு பேர் எப்படிப் படுக்கிறது?” என்றார் சித்தி. அம்மா சிரித்தார். “ஒருத்தர் படுக்கலாம், ரெண்டு பேர் உட்காரலாம், மூணு பேர் நிக்கலாம். நம்ம ஊருக்காரங்களுக்குத் தெரியாததா?”

மழை இரவில் ஒரு சின்ன இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து நின்ற கதை திருக்கோவிலூரில்தான் நடந்ததாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் பஸ்ஸில் இடம் கேட்பதற்குக்கூட அந்தக் கதையை இழுப்போம்.

விடியற்காலையில் கிளம்பி முதலில் தென்பெண்ணைக் கரைக்குப் போனோம். ஆற்றுக்குள் கபிலர் குன்று தெரிந்தது. பாரியின் நண்பர் கபிலர் உயிர்விட்ட இடமாகச் சொல்லப்படும் பாறை அது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, இந்த ஆறு ஊர்களுக்குள் புகுந்தது. “மழை எங்கேயோ பெய்யும், வெள்ளம் நம்ம வாசலுக்கு வரும்” என்றார் சித்தப்பா. அந்த வார்த்தை அன்று சாயங்காலமே உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

டீ நிறத்துக்கு மாறிய தண்ணீர்

ரிஷிவந்தியம், தியாகதுருகம், கள்ளக்குறிச்சி. வழியில் ஏரிகளில் கொக்கும் நாரையும் நின்றன. கச்சிராயப்பாளையம் தாண்டியதும் மலையடிவாரத்தில் கோமுகி அணை. உயரம் 46 அடி. மலையில் விழும் தண்ணீர் இங்கே தேங்கி, நெல்லுக்கும் கரும்புக்கும் போய், மிச்சம் மணிமுக்தாறு, வெள்ளாறு என்று பெயர் மாறி பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. அருவி, அணை, ஏரி, அலையாத்திக் காடு எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கோத்து வைத்திருப்பது இந்தத் தண்ணீர்தான்.

வளைந்து வளைந்து ஏறினால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆழமான பள்ளத்தாக்கு. சித்திக்கு வாந்தி, எலுமிச்சம்பழம் காப்பாற்றியது. வெள்ளிமலை போகிற வழியில் பெரியார் நீர்வீழ்ச்சி. வெயில் நன்றாக அடித்ததால் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் மேலிருந்து கத்தினார். “ஏறுங்க, ஏறுங்க! தண்ணி நிறம் மாறுது பாருங்க!”

கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. கூடவே இலை, சுள்ளி. தம்பி “ஒரே ஒரு ரீல்...” என்று ஆரம்பிக்க, சித்தப்பா கையைப் பிடித்து இழுத்தேவிட்டார். சற்று நேரத்தில் அவன் நின்ற பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை. மழை மேலே எங்கேயோ பெய்திருந்தது. அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ராத்திரி எங்கே நிறுத்துவது?

ரீல்ஸில் வருகிற மாதிரி காட்டோரம் நிறுத்தித் தூங்க முடியாது. வனப்பகுதியில் இரவு தங்க வனத்துறை அனுமதி வேண்டும். யானை, புலி பயத்தைவிட, அது அடுத்தவர் இடம் என்பதுதான் முதல் விஷயம். சாலையோரம் இருந்த ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டில் கேட்டோம். களத்து மேட்டில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். சித்தப்பாவுக்கும் தம்பிக்கும் திண்ணை கிடைத்தது.

இங்கே வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை; மலையில் வாழ்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது நம் தமிழ்தான். சாமை, கேழ்வரகு, மரவள்ளி விளைகிறது. கடுக்காயும் தேனும் எடுக்கிறார்கள். மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. ஜாகீர் முறை ஒழிந்ததே 1976-ல்தான்.

இருட்டியதும் அந்த வீட்டு ஆயா டார்ச்சோடு வந்தார். வெள்ளை வேன், உள்ளே மெத்தை, ஜன்னலில் துணி. சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஆஸ்பத்திரி வண்டியா பாப்பா?”

“இல்ல ஆயா, சுத்திப் பார்க்க வந்தோம். இதுலயே தூங்கிக்குவோம்.”

“ஏன், வீடு இல்லையா?”

சித்தி விழுந்து விழுந்து சிரித்தார். ஆயா சிரிக்கவில்லை. திண்ணையைக் காட்டினார். அங்கே நிறைமாத கர்ப்பிணியாக அவருடைய பேத்தி. அவள் புகுந்த ஊருக்கு இங்கிருந்து நடந்துதான் போக வேண்டும், வண்டி போகாது. வலி வந்தால் டோலி கட்டித் தூக்கி வர வேண்டும். அதனால் தேதி நெருங்கியதும் ரோட்டோரம் இருக்கிற ஆயா வீட்டுக்கு வந்துவிட்டாள். “படுக்கை வெச்ச வண்டின்னா எங்களுக்கு அது ஒண்ணுதான் பாப்பா” என்றார் ஆயா.

விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று விசாரணையில் வந்த வார்த்தைகளை நானும் செய்தியாக எழுதியிருக்கிறேன். திண்ணையில் கால் வீங்கி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகுதான் அவை எனக்குப் புரிந்தன. அவளுக்கு என் வயசுதான்.

மறுநாள் மேகம் நீர்வீழ்ச்சிக்கு நடப்பதாகத் திட்டம். ஆனால் அவளுக்குக் காலையில் செக்கப். பஸ் எப்போது வரும் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே சித்தப்பா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். “இடைகழிதானே, வாங்க” என்றார்.

“மெத்தையில படுத்துக்கோம்மா” என்று எவ்வளவு சொல்லியும் அந்தப் பெண் படுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, சேலையை விலக்கி வழியெல்லாம் வேடிக்கை பார்த்தாள். “படுத்தா நோயாளி மாதிரி இருக்கும்க்கா. நானும் ட்ரிப் வந்தேன்னு நினைச்சுக்கிறேனே!”

திரும்பும்போது அம்மா, சாராய மலை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “அந்தப் பொண்ணுக்கு நல்லபடியா ஆகணும்” என்பதையே மூன்று தடவை சொன்னார்.

நீங்களும் கிளம்பினால்...

* அருவியில் தண்ணீர் கலங்கினாலோ, இலை, சுள்ளி மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ உடனே மேலே ஏறிவிடுங்கள். வெயில் அடிப்பதை நம்பாதீர்கள்.
* வேனுக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். புளிசாதம், சப்பாத்தி கட்டிக்கொண்டு போங்கள்.
* யாருடைய இடமாக இருந்தாலும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மனிதர்களைப் படம் எடுக்கும் முன்பும் கேளுங்கள்.
* கொண்டுபோகும் பாட்டிலும் கவரும் உங்களோடே திரும்பி வரட்டும். அங்கே விட்டால் அணைக்குத்தான் போகும்.
* பெட்ரோல், டீசலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சிக்னல் இருக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.
* ஒரு சீட்டாவது காலியாக இருக்கட்டும். வழியில் யாருக்காவது தேவைப்படலாம்.

இரண்டு வாரம் கழித்து, ஷிஃப்ட்டின் நடுவே புது நம்பரிலிருந்து போன். ஆயாதான். பெண் குழந்தை. ராத்திரி வலி வந்திருக்கிறது. ரோட்டுக்கே 108 வந்துவிட்டதாம்.

“நெஜ ஆஸ்பத்திரி வண்டியிலதான் போனோம் பாப்பா. ஆனா உங்க வண்டி மாதிரி மெத்தை மெத்துன்னு இல்ல!”