இஸ்தோப்பு உள்ள வீடு

கண்டி டவுனில், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. மூன்று போயா நாட்களாக நானும் மகனும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். கலஹாவில் பஸ் ஏறி, ஹிந்தகலை தாண்டி, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நடுவால் வந்து டவுனில் இறங்கும்போது வெயில் ஏறிவிடும். தோட்டப் பாடசாலையில் முப்பது வருஷம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். "இந்த வயதில் இடிகிற வீடு எதற்கு டீச்சர்? அந்தக் காசைக் கட்டிப் புது அபார்ட்மென்ட் எடுங்கள்" என்று தரகரே சொல்கிறார்.

அந்த வீட்டுக்கு இஸ்தோப்பு, அதாவது முன் விறாந்தை, இருக்கிறது. எனக்கு அது போதும்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், கடைசி அறையான தொங்கக் காம்பராவில். முன்னால் இருந்த சின்ன இஸ்தோப்பில்தான் நாங்கள் ஐந்து பிள்ளைகளும் படித்தோம். அப்பா காய்ச்சலில் படுத்ததும், கடைசியில் அவரைக் கிடத்தியதும் அங்கேதான். இஸ்தோப்பு என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். தோட்டத்துத் தமிழிலும் கண்டிச் சிங்களத்திலும் அதற்கு ஒரே பெயர். டவுன் வீட்டு இஸ்தோப்பில் நான்கு மரத்தூண்கள், தேய்ந்து வழுவழுத்த சிவப்புத் தரை. உள்ளே நடுமுற்றம். மழை பெய்தால் அரைவட்ட ஓடுகளில் இருந்து நான்கு பக்கமும் தண்ணீர் முற்றத்தில் விழும். வீட்டுக்கார அம்மா, எண்பதைத் தாண்டியவர், சிங்களத்தில் அதைச் சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் முறை போனபோது எங்கள் ஊர் மேசன் பாஸைக் கூட்டிப்போனேன். அவர் சுவரில் ஓரிடத்தில் கரண்டியால் சுரண்டினார். மேலே அரை அங்குலச் சீமெந்துப் பூச்சு, அதற்குள் களிமண் சுவர். பூச்சு பலகை மாதிரிப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் மண் ஈரமாக, விரல் நுழைகிற பதத்தில் இருந்தது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் சுவர் குடிக்கிற ஈரம் வெயிலில் வெளியே போய்விடும். சீமெந்து அதை உள்ளேயே அடைத்து வைக்கும். யாரோ நல்லது என்று நினைத்துச் செய்த வேலைதான் இந்தச் சுவரை உள்ளுக்குள் கொன்றுகொண்டிருக்கிறது.

கண்டி நகரத்துக்கும் அதுதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

1988இல் கண்டி உலக மரபுரிமை நகரமானது. காலிக் கோட்டையும் அதே வருஷம்தான். அதன்பிறகு பழைய வீடுகளுக்கு ஒரு மதிப்பு வந்தது, நல்ல விஷயம். ஆனால் நான் பார்த்த தெருவில் பக்கத்து இரண்டு வீடுகளின் இஸ்தோப்புகளையும் கண்ணாடி போட்டு மூடி, வரவேற்பு மேசை வைத்திருக்கிறார்கள். முகப்புக்கு வர்ணம் அழகாக இருக்கிறது. உள்ளே உலை வைப்பார் யாரும் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லை. காலிக் கோட்டைக்குள் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் விற்றுவிட்டுப் போக, வீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டலானதை நாடே பார்த்தது. மலேசியாவில் பினாங்கு ஜோர்ஜ் டவுனில், 2000ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் பழைய குடிகள் வெளியேறினார்கள். 2008இல் மரபுரிமைப் பட்டம் வரும்போது அங்கே குடியிருந்தவர்கள் எவ்வளவோ குறைந்துவிட்டார்கள்.

ஹோட்டல் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களால்தான் வாங்க முடிகிறது, அதுதான் குறை. நாங்கள் கடன் கேட்டுப் போன வங்கியில் காணிக்கு மட்டும் விலை போட்டார்கள். களிமண் சுவர் வீட்டுக்குப் பூச்சியம். வீடோ அந்த வீட்டுக்கார அம்மாவோடு சேர்த்து உடன்பிறந்தவர்கள் நால்வருக்குப் பிரிபடாத பங்கு. பின் அறை ஒன்றில் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்போடு ஒருவர் இருக்கிறார். அவர் போக்கிடம் இல்லாதவர், அவரைத் தள்ளிவிட்டு வீடு எடுக்க எனக்கு மனமில்லை. ஓடு மாற்ற மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, தொல்பொருள் திணைக்களம் என்று வாசல் வாசலாகப் போகவேண்டும். கம்பனிக்கு அதற்கென்று சட்டத்தரணியும் மேனேஜரும் உண்டு. மாதச் சம்பளக்காரன் லீவு போட்டுவிட்டு எத்தனை நாள் அலைவான்?

குடியிருக்க வாங்குகிறவர்களுக்குப் பழைய சுவருக்கும் சேர்த்துக் கடன் கொடுக்கவேண்டும். அனுமதி எல்லாம் ஒரே மேசையில் கிடைக்கவேண்டும். சுண்ணாம்பையும் ஓடுகளையும் காப்பாற்றுகிறவருக்குச் சோலை வரியில் கழிவு தரவேண்டும். ஒரு தெருவில் இத்தனை ஹோட்டல்தான் என்று வரம்பு வைக்கவேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

தமிழருக்கு டவுனில் என்ன மரபுரிமை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கண்டியின் கடைசி ராஜாவின் நாயக்கர் உறவினர்கள் நகரத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள். மலபார் வீதி என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஆங்கிலேயர் செய்த 1815 மார்ச் 2ஆம் தேதி ஒப்பந்தம்தான் அவருடைய ஆண் உறவினர்கள் கண்டிக்குள் கால் வைக்கக்கூடாது என்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டபோது கொழுந்து எடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். டெய்லர் மஹியாவ மயானத்தில் இருக்கிறார், கல்லறையைத் தேடிப் பார்க்க வருகிறார்கள். அதே மஹியாவவில் நகரத்தைக் கூட்டித் துப்புரவாக்குகிற எங்கள் சனம் நெருக்கியடித்து வாழ்கிறது.

என் அப்பா ஒருமுறை காணி வாங்கப் பார்த்தார். கலஹா பஸார் பக்கம், பத்து பேர்ச். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இல்லாமல் போனவர் அவர். 1963இல் வந்த நிதிச் சட்டம், பிரஜை அல்லாதவர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமமான வரி கட்டச் சொன்னது. நூறு ரூபா காணிக்கு இன்னொரு நூறு. சேர்த்த காசை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று இரவு முழுக்க இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அதே வரியை 2002இல் நீக்கினார்கள், 2004இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது பேச்செல்லாம் வெளிநாட்டுப் பணக்காரர்களைப் பற்றியது. முன்பு அந்த வரி யாருடைய தலையில் விழுந்தது என்று ஒருவரும் பேசவில்லை.

டவுன் வீட்டுக்கார அம்மாவின் தம்பி மெல்போர்னில் இருக்கிறார். அவருடைய அற்றோணித் தத்துவம் வரவேண்டும். பின் அறைக்காரர் இருந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டோம், மகனுக்கும் சம்மதம். வங்கி தராத மிச்சக் காசுக்கு என் ஓய்வூதியக் கொடையும் மருமகளின் நகையும் இருக்கின்றன. நொத்தாரிஸ் உறுதியில் என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். அப்பாவின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுவதும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.