எந்த நோய்க்கு எதிரான சக்தி?

"நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்ற வாசகத்தைக் காணாமல் இன்று ஒரு கடைக்குள் போய் வர முடியாது. பானத் தூள் டின்னிலும் தேன் போத்தலிலும் பிள்ளைகளுக்கான பாணி மருந்திலும் அது அச்சிடப்பட்டிருக்கிறது. பரீட்சை நெருங்கினால் பெற்றோர் விலை பாராமல் வாங்கிக் கொடுக்கிறார்கள். 2020 டிசம்பரில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றதையும் நாங்கள் பார்த்தோம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி என்ற முறையில் இதுபற்றிச் சொல்ல எனக்குச் சில விடயங்கள் உண்டு.

நிர்ப்பீடனத்தைத் தூண்டும் மருந்துகள் உண்மையாகவே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் அடையாளம் எங்களில் பலரின் இடது கையிலே சிறு தழும்பாக இருக்கிறது. அதுதான் பி.சி.ஜி. பிரான்சைச் சேர்ந்த கல்மெற், கெரென் என்ற இருவர் மாடுகளில் காசநோயை உண்டாக்கும் பக்டீரியாவை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இன்று எங்கள் நாட்டில் பிறக்கும் குழந்தைக்கு, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குப் போகும் முன்னரே அது போடப்படுகிறது.

இதே பி.சி.ஜி. புற்றுநோய்க்கும் மருந்தாகும் என்பது பலருக்குத் தெரியாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அதைப் பயன்படுத்திக் கண்ட பலனை, கனடாவில் பணியாற்றிய வைத்தியர் அல்வாரோ மொராலஸ் 1976இல் வெளியிட்டார். கட்டி தசைக்குள் பரவாத நிலையில் அதை அகற்றிவிட்டு, பி.சி.ஜி.யை ஒரு மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். சுமார் 2 மணிநேரம் அது உள்ளே இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாக 6 வாரங்களுக்கு இது தொடரும். பக்டீரியாவைக் கண்டதும் வெண்குருதிக் கலங்கள் அங்கே கூட்டமாக வருகின்றன. வந்தவை எஞ்சியிருக்கும் புற்றுநோய்க் கலங்களையும் தாக்குகின்றன. இன்றும் உலகெங்கும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

இன்னொன்று பில்கிராஸ்ரிம். புற்றுநோய்க்கு மருந்தேற்றும்போது வெண்குருதிக் கலங்கள் குறைந்து, சிறிய தொற்றும் உயிராபத்தாகிவிடும். அப்போது என்பு மச்சையைத் தூண்டி அக்கலங்களை மீண்டும் பெருகச் செய்யும் ஊசி இது.

இவற்றைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறித்த நோய், குறித்த அளவு, குறித்த காலம் உண்டு. பக்கவிளைவும் உண்டு. பி.சி.ஜி. சிகிச்சையின்போது சிறுநீர் எரிவும் காய்ச்சலும் வரலாம். பில்கிராஸ்ரிம் எலும்பு வலியைத் தரும். அதனால்தான் வைத்தியரின் கண்காணிப்பில் அவை கொடுக்கப்படுகின்றன.

நிர்ப்பீடனம் கூடக் கூட நல்லது என்ற எண்ணமே தவறு. 2006 மார்ச்சில் லண்டனின் நோர்த்விக் பார்க் வைத்தியசாலை வளாகத்தில், நிர்ப்பீடனக் கலங்களைத் தூண்டும் ஒரு புதிய மருந்தை ஆரோக்கியமான 6 ஆண்களுக்குச் செலுத்திப் பரிசோதித்தார்கள். சில மணிநேரத்துக்குள் அவர்களது உடலின் பாதுகாப்புப் படையே கட்டுமீறி எழுந்தது. ஆறு பேரும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் தப்பினார்கள் என்பது பெரிய விடயம்.

எங்கள் குடும்பத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. என் மாமிக்கு லூபஸ் நோய். அவரது நிர்ப்பீடனம் அவரது உடலையே அந்நியமாக எண்ணித் தாக்குகிறது. இந்நோய் வருபவர்களில் 10 பேரில் 9 பேர் பெண்கள். மாமிக்குக் கிளினிக்கில் கொடுப்பது நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து. ஆனால் அவரை நலம் விசாரிக்க வருகிறவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் டின்களையே அன்போடு கொண்டுவருகிறார்கள். மாமி வாங்கி அலுமாரியில் வைத்துவிடுவார். வந்தவர்களின் மனம் நோகக் கூடாதே! ஆனால் விபரம் தெரியாத ஒரு நோயாளி அதைக் குடித்துவிட்டு, கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

கருஞ்சீரகமும் தேனும் எங்கள் வீடுகளில் மதிப்போடு இருப்பவை. அவற்றைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. நல்ல உணவும் போதிய உறக்கமும் நிர்ப்பீடனத்துக்குத் தேவையானவைதாம். அந்த மதிப்பை முதலாக்கி, எல்லா நோய்க்கும் ஒரு போத்தல் என்று விற்கும் வியாபாரத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

இனி, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2017 முதல் எங்கள் நாட்டுப் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுக்கு எதிரானது அது. நிர்ப்பீடனத்தின் கவனத்தை ஈர்ப்பதற்கென்றே அதில் சிறிதளவு அலுமினிய உப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆக, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்து என்ற பெயருக்கு முழுத் தகுதி உடையது அதுவே. வைரசு தொற்றும் முன்னர் போட்டால்தான் முழுப் பயன் கிடைக்கும் என்பதால்தான் இந்தச் சின்ன வயதில் போடுகிறார்கள். ஆனால் டின்னுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் சில வீடுகளில், ஊசிக்கான சம்மதப் படிவம் கையொப்பம் இல்லாமலே திரும்பி வருகிறது. "இந்த வயதில் இது எதற்கு?" என்ற தயக்கம் காரணமாக இருக்கலாம். தயக்கம் தவறல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்ப வைத்தியரிடமோ கேட்டுத் தெளிந்து கொள்ளலாம்.

தோழியரே, அடுத்த முறை அந்த வாசகத்தைக் கடையில் கண்டால், "எந்த நோய்க்கு எதிரான சக்தி?" என்று கேளுங்கள். டின்னில் அதற்குப் பதில் இராது. உங்கள் தங்கை தரம் 6இல் கொண்டுவரும் படிவத்தில் பதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அதை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.