செனற்றர் திருச்செல்வம் விலகியிருக்கவேண்டிய நாள்

கோணேசர் கோயிலுக்காக அமைச்சர் பதவியைத் துறந்தவர் என்று செனற்றர் மு. திருச்செல்வத்தைப் புகழ்வது நம்மவர்களிடையே ஒரு சடங்காகிவிட்டது. திருகோணமலையில் சிலை, விகாரை என்று ஒரு பிரச்சினை எழுந்தால் போதும், 1968ஆம் ஆண்டுக் கதையைத் தூசி தட்டி எடுத்துவிடுவோம். அவர் விலகியது சரிதான். ஆனால், விலகிய நாளும் அதற்கான காரணமும் தவறானவை என்பதே என் கட்சி. சிலருக்கு இது கசக்கும்.

1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கவும் தந்தை செல்வாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். தமிழரசுக் கட்சி அப்போது 14 ஆசனங்களைக் கொண்டிருந்தது. எனினும் மக்கள் தெரிவுசெய்த எவரும் அமைச்சரவைக்குள் செல்லவில்லை. செனற் சபைக்கு நியமனம் பெற்ற திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். மொழி, காணி, மாவட்ட சபை, புனித நகர் என அமைச்சரவையில் கட்சி சார்பில் சொல்லவேண்டிய அத்தனையும் அந்த ஒருவரின் தலையில் விழுந்தன. வாக்காளருக்கு நேரடியாகக் கணக்குக் கொடுக்கவேண்டிய நிலையில் இல்லாத ஒருவரை முன்நிறுத்திவிட்டு, மற்றவர்கள் அரசுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டார்கள். இதைத் தந்திரம் என்றார்கள். எனக்கு அது தயக்கமாகவே தெரிகிறது.

ஒப்பந்தத்தின் இரு முக்கிய உறுப்புகள் மாவட்ட சபையும் காணியும். வடகிழக்கில் குடியேற்றத் திட்டங்களின் காணி முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோருக்கு, அடுத்து அவ்விரு மாகாணங்களின் தமிழ் பேசும் மக்களுக்கு, அதன் பின்னரே ஏனையோருக்கு என்பது உடன்பாடு. காணி அமைச்சராக அதே அமைச்சரவையில் அமர்ந்திருந்தவர் சி. பி. டி சில்வா. திருகோணமலை மாவட்டத்துக்கு இவ்விரண்டு உறுப்புகளும் உயிர்நாடி. 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இம்மாவட்டத்துச் சிங்களவர் ஏறத்தாழ 4 வீதம். 1981இல் மூன்றில் ஒரு பங்கு. அந்த நூற்றாண்டின் பிற்பாதிக் கதையைக் கந்தளாயும் அல்லையும் பதவியாவும் சொல்லும்.

மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை 1968 ஜூனில் வந்தது. அதுவும் பல் பிடுங்கிய பாம்புதான். தேசிய நலன் என்ற பெயரில் சபைகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. அப்படியிருந்தும் எதிர்க்கட்சிகள் கொதித்தன, ஐக்கிய தேசியக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது, டட்லி கைவிட்டார். திருச்செல்வம் தாமே முன்னின்று உருவாக்கிய திட்டம் அது. விலகியிருக்கவேண்டிய நாள் அந்த நாள். அவர் விலகவில்லை.

பிறகுதான் கோணேசர் கோயில் விவகாரம். பிரட்றிக் கோட்டைக்குள் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்கலாமா என்று ஆராய அவர் ஒரு குழுவை அமைத்தார். கவனியுங்கள், பிரகடனம் அல்ல, வெறும் ஆராய்ச்சிக் குழு. திருகோணமலைப் பௌத்த பிக்கு ஒருவர் ஆட்சேபித்தார். துறைக்குப் பொறுப்பான அமைச்சரிடம் ஒரு வார்த்தை கேளாமல் பிரதமர் குழுவைக் கலைத்தார். அநுராதபுரத்தில் புனித நகருக்காகப் பழைய நகரத்து மக்களையே பெயர்த்துப் புதிய நகரில் குடியமர்த்திய நாடு இது. அவமதிப்பு அப்பட்டமானது. திருச்செல்வம் விலகினார், கட்சியும் அரசை விட்டு வெளியேறியது.

சுயமரியாதையுள்ள எவரும் அந்த நிலையில் விலகத்தான் செய்வார். ஆனால் அதன் அரசியல் விளைவைப் பாருங்கள். அதிகாரப் பகிர்வை மறுத்த அரசு என்று அம்பலப்படவேண்டிய டட்லி, ஒரு கோயில் தகராற்றில் அவசரப்பட்டவராக மட்டும் தப்பினார். மூதூரிலும் கிண்ணியாவிலும் காணிப் பிரச்சினையைச் சுமந்து நின்ற முஸ்லிம் விவசாயிக்கு இந்த விலகலில் என்ன பங்கு? மாவட்ட சபை அவனுக்கும் உரியது. காணி அவனுக்கும் உரியது. புனிதப் பிரதேசம் சைவர்களின் கோரிக்கை. நியாயமானதுதான், ஆனால் அவனை வாசலில் நிறுத்திவிடும் கோரிக்கை.

“அந்தச் சபைகள் வந்திருந்தாலும் பயனில்லை” என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. பயனற்றதென்றால் அதற்காக மூன்று ஆண்டுகளுக்கு மேல் அரசில் இருந்தது எதற்கு? பயனுள்ளதென்றால் அது போனபோது இருந்தது எதற்கு? இரண்டில் ஒன்றுக்காவது விடை வேண்டும்.

இதைப் பழங்கதை என்று தள்ளமுடியாது. 2025 நவம்பரில் திருமலைக் கடற்கரையோரத்தில் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டு, பொலிஸாரால் அகற்றப்பட்டு, மறுநாளே மீண்டும் வைக்கப்பட்டது. கண்டன அறிக்கைகள் பறந்தன; பறக்கவேண்டியவையே. ஆனால் 2022 ஜனவரியில் சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் இந்திய நிறுவனத்துக்கும் இலங்கைக் கூட்டுத்தாபனத்துக்கும் இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்குமாகப் பங்கிடப்பட்டபோது இந்தச் சூடு எங்கே போயிற்று? கிழக்கு மாகாண சபைக்கு 2012இல் தேர்தல் நடந்தது. 2017இல் சபை கலைந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்கில் ஆளுநரே ஆண்டார். உலகமே கண்வைத்திருக்கும் துறைமுகத்தின் கரையில் வாழும் மக்களுக்கு அதைப் பற்றிப் பேச ஓர் அவை இல்லை. அதற்காக எந்தத் தமிழ்ப் பிரதிநிதி தம் ஆசனத்தைத் துறந்தார்?

திருச்செல்வத்தின் நேர்மையை நான் ஐயுறவில்லை. 1976இல் அமிர்தலிங்கத்துக்காக ட்ரயல் அட் பார் நீதிமன்றில் நின்ற சட்டத்தரணிகளில் அவரும் ஒருவர். அதே ஆண்டு மறைந்தார். அவர் பேசிய செனற் சபை அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 1971இல், ஒழிக்கப்பட்டிருந்தது. அவரைக் கோயிலோடு மட்டும் கட்டிவைப்பவர்கள், அவர் அமைச்சராயிருந்து உருவாக்கிய அந்த வெள்ளை அறிக்கையை ஒருமுறையாவது தேடிப் படித்துவிட்டுப் புகழட்டும்.