சின்னம் யாருடைய சொத்து?

தேர்தல் காலத்தில் தேனியிலிருந்து கூடலூர் வரையில் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே பிரயாணம் செய்பவர், சுவர்களைப் படித்துக்கொண்டே போகலாம். அதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சுவரில் இரட்டை இலை, அடுத்ததில் உதயசூரியன், அதற்கடுத்ததில் குக்கர். அடுப்படியில் இருக்கும் வரையில் குக்கர் சோறு வேகும் பாத்திரம். சுவரில் ஏறிவிட்டால் அது ஒரு கட்சி. வேஷ்டிக் கரையில் கறுப்பும் சிவப்பும் மட்டும் ஓடினால் ஒரு கட்சி; நடுவே வெள்ளை புகுந்தால் வேறு கட்சி. தோளில் பச்சைத் துண்டு கிடந்தால் விவசாயிகள் சங்கம். ஒரு வார்த்தை பேசாமலே மனிதன் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிடுகிறான். சாமான்களும் வர்ணங்களும் பேசும் இந்தப் பாஷைக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது, அந்த அர்த்தம் யாருக்குச் சொந்தம் என்பதை அரசியல் ஊழியர்கள் ஆராய்வது அவசியம்.

இந்தப் பாஷை நமக்குப் புதிதல்ல. 1937-ல் நடந்த சென்னை மாகாணத் தேர்தலில் வர்ணப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காங்கிரஸுக்குக் கிடைத்தது மஞ்சள் பெட்டி. தாலிக் கயிற்றிலும் வாசற்படியிலும் மங்களத்தைக் குறிக்கும் மஞ்சளைத் தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை. 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மீது சின்னம் ஒட்டினார்கள். காங்கிரஸுக்கு நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளை கிடைத்தது. அப்போது தேசத்தில் எழுத்தறிந்தவர்கள் 100-க்குச் சுமார் 18 பேர்தாம். பாமர ஜனங்களும் தங்கள் இஷ்டப்படி வோட்டளிக்க வேண்டும் என்பதற்காகவே சின்னம் ஏற்பட்டது.

2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர்கள் 100-க்கு 80 பேர். சின்னத்தின் ஆதிக்கம் குறைந்ததா? இல்லை, அது வளர்ந்தே வந்திருக்கிறது. எழுத்தறியாமைக்கு ஊன்றுகோலாக வந்தது, எழுத்தறிந்தவர்களையும் ஆட்டிவைக்கும் செங்கோலாகிவிட்டது.

இதற்குத் தேனி வட்டாரத்தைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். காலமான பின் அவருடைய கட்சி இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரியில் நடந்த சட்டசபைத் தேர்தலில், ஜெயலலிதா சேவல் சின்னத்துடன் போடிநாயக்கனூரில் நின்று ஜயித்தார்; ஜானகி அம்மாள் இரட்டைப் புறாவுடன் ஆண்டிபட்டியில் நின்று தோற்றார். இரு கோஷ்டிகளும் மீண்டும் ஒன்றானதும் இலை திரும்பி வந்தது. சேவலும் புறாவும் பழையபடி வெறும் பறவைகளாயின. அதே இலை 2017-ல் மறுபடியும் முடக்கப்பட்டது. அந்தத் தகராறில் முன்னின்ற ஸ்ரீ ஓ. பன்னீர்செல்வமும் அப்போது போடிநாயக்கனூர்ச் சட்டசபை அங்கத்தினராக இருந்தவரே.

ஸ்ரீ தங்க தமிழ்ச்செல்வனின் அரசியல் பாதையையும் பாருங்கள். 2016-ல் ஆண்டிபட்டியில் இரட்டை இலையில் ஜயித்தார். 2019-ல் ஸ்ரீ தினகரனின் கட்சிக்காகத் தேனிப் பார்லிமெண்டு ஸ்தானத்துக்குப் பரிசுப் பெட்டியில் நின்று தோற்றார். அன்று ஜயித்தது இலை. 2024-ல் அதே தேனியில் உதயசூரியனில் நின்றார். எதிரே குக்கர் சின்னத்தில் நின்றவர் அதே ஸ்ரீ தினகரன். சூரியன் 2½ லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தது. இலை மூன்றாவது இடத்துக்குப் போயிற்று.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அர்த்தம் சின்னத்திலேயே உறைந்திருக்குமாயின், ஐந்து வருஷத்தில் இலை வாடியிருக்க நியாயமில்லை. அது மனிதரிடத்தில் மட்டும் இருக்குமாயின், பெட்டியில் தோற்றவர் சூரியனில் இவ்வளவு பெரிய வெற்றி பெற்றிருக்க முடியாது. சின்னம் வெறும் பாத்திரம். அதில் நம்பிக்கையை ஊற்றுகிறவர்கள் ஜனங்கள். அவர்கள் ஊற்றியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள்.

ஆனால் சட்டம் ஜனங்களைக் கேட்பதில்லை. 1968-ம் வருஷத்துச் சின்னங்கள் உத்தரவின் 15-வது பாராவின்படி, கட்சி பிளந்தால் சின்னம் எந்தக் கோஷ்டிக்கு என்று தேர்தல் கமிஷன் தீர்ப்பளிக்கிறது. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் எந்தப் பக்கம் எத்தனை பேர், கட்சி நிர்வாகத்தில் எந்தப் பக்கம் எத்தனை பேர் என்றே முக்கியமாகக் கணக்குப் பார்க்கப்படுகிறது. லட்சக்கணக்கான ஜனங்கள் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த நம்பிக்கை, தலைவர்களின் பாகப்பிரிவினையில் பித்தளை அண்டாவைப் போல் ஒரு பக்கத்துக்குப் போகிறது. அண்டாவை நிரப்பியவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

ஆகையால் சின்னங்களையே ஒழித்துவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அதை ஒப்பவில்லை. 2024-ல் ராமநாதபுரத்தில் ஸ்ரீ ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது, அதே பெயருடைய பலர் எதிரே நின்றார்கள். பெயர்கள் குழப்பிய இடத்தில் அவரை அடையாளங்காட்டியது பலாப்பழம். 2015 முதல் வோட்டு யந்திரத்தில் அபேட்சகரின் படமும் இடம் பெறுகிறது. எனினும் தூரத்துச் சுவரிலிருந்து பேசுவது சின்னமே. அடையாளம் வேண்டும், அது விசாரணைக்குப் பதிலாக நிற்கலாகாது என்பதே நம் கட்சி.

எந்தச் சின்னத்தின் அர்த்தம் நிலைக்கும் என்பதையும் கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்களே நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அங்கே பல வீடுகளிலும் கடைகளிலும் ஒரு வெள்ளைக்காரரின் படம் மாட்டப்பட்டிருக்கிறது. அவர் 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக். அந்நிய ஆட்சியின் உத்தியோகஸ்தர். ஒருவரிடமும் வோட்டுக் கேட்டவரல்லர். ஆயினும் அவர் பிறந்த தினமாகிய ஜனவரி 15-ல் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். படத்தின் அர்த்தத்தை எந்தப் பிரசாரகரும் சொல்லவில்லை. வயலுக்கு வரும் தண்ணீர் சொல்கிறது. ராட்டினமும் ஒரு காலத்தில் அவ்விதமே பேசிற்று. அதன் பின்னால் நூற்ற கைகள் இருந்தன. நூற்காதவர்களும் கதரை உத்தியோக உடையாக்கிக்கொண்ட பிறகு அதன் குரல் தேய்ந்தது.

தேர்தலில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுதான். படத்தை எழுதுங்கள்; ஆனால் படத்தின் கீழே செய்த காரியத்தையும் எழுதுங்கள். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்த 142 அடித் தண்ணீரைப் பற்றி உங்கள் சின்னத்துக்குச் சொல்ல என்ன இருக்கிறது? திராட்சைக்கும் வாழைக்கும் விலை விழும்போது அது எங்கே இருந்தது? பதில் இருக்குமானால் சின்னம் பேசட்டும். இல்லையேல் அது சுவரில் பூசிய வர்ணமே. அடுத்த மழையில் கரைந்தால் ஜனங்களைக் குறை கூறிப் பிரயோஜனமில்லை.