கிணற்றுத் தண்ணீர் தெளிந்தால் போதுமா?



இந்தக் கிழமை வந்த கடிதங்களுள் ஒன்று என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. எழுதியவர் சிங்கப்பூர் பிடோக்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு சகோதரி. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜொகூரில், கூலாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். தோட்டத்தை விட்டு வந்தபோது கிடைத்த பணத்தில் அவருடைய தாயார் அரை ஏக்கர் நிலமும் அதிலிருந்த பலகை வீடும் வாங்கினாராம். வீட்டின் பின்னால் பழைய உறைக்கிணறு ஒன்று. குழாய்த் தண்ணீர் பெரிய சாலையோடு நின்றுவிட்டது.

ஜூன் விடுமுறையில் பெரிய பிள்ளைகள் இருவரோடும் ஐந்து மாதக் கைக்குழந்தையோடும் மூன்று வாரம் அங்கே போய்த் தங்கப் போகிறார். குழந்தைக்குப் புட்டிப்பால். "வாத்தியாரையா, மழை பெய்தால் கிணறு தேத்தண்ணி போல் கலங்கிவிடுகிறது. அம்மா தேற்றாங்கொட்டையைத் தேய்த்துத் தெளிய வைக்கிறார். கொதிக்க வைத்தால் ருசி போய்விடும் என்கிறார். நான் வேண்டாமென்றால், 'இதைக் குடித்துத்தானே எனக்கு எழுபது வயசாகிறது' என்று கோபித்துக்கொள்கிறார். நான் என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் அம்மாவின் கட்சியைப் பேசிவிடுகிறேன். தேற்றாங்கொட்டை மூடநம்பிக்கை அல்ல. மண்பானையின் உட்புறம் அதை உரைத்துத் தண்ணீர் ஊற்றினால் மண் அடியில் படிந்துவிடும். இன்றும் சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். முருங்கை விதைப் பருப்பையும் இடித்துக் கலக்கலாம். சூடான் நாட்டுப் பெண்கள் நைல் நதியின் செம்மண் தண்ணீரை இப்படித்தான் தெளிய வைத்தார்கள். 1970களில் ஜெர்மன் விஞ்ஞானி சமியா அல் அசாரியா யான் அங்கே தங்கி அதை ஆராய்ந்தார். சேற்றின் நுண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதப்பவை. விதையிலுள்ள புரதம் அவற்றைச் சேர்த்துக் கட்டி, கனமாக்கி, கீழே இறக்கிவிடுகிறது. மலாய்க்காரர் கடைகளில் 'தாவாஸ்' என்று விற்கும் சீனக்காரமும் இதே வேலையைச் செய்கிறது. 20 லிட்டர் வாளிக்குக் கால் தேக்கரண்டித் தூள் தாராளம்.

ஆனால் படிவது மண். கிருமியில் ஒரு பகுதி அதோடு கீழே போகும். மீதி அந்தத் தெளிந்த தண்ணீரிலேயே இருக்கும். இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்லன்.

சில வருடங்களுக்கு முன்பு, பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் குழாய் நின்றுவிட்டது. பள்ளிக்குப் பின்னால் இருந்த பழைய கிணற்றில் நானே இறைத்து, இரண்டு பீப்பாய் நிரப்பி, சீனக்காரம் கலக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் கண்ணாடி! பீப்பாயின் அடியில் காசு கிடந்தாலும் தெரியும். பெருமையோடு பிள்ளைகளுக்கு மொண்டு கொடுத்தேன். காய்ச்ச நேரமில்லை, காய்ச்ச வேண்டும் என்ற எண்ணமும் வரவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒன்பது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு சிறுமியை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் தண்ணீர் ஏற்றினார்கள். அவளுடைய தகப்பனார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "வாத்தியார் கொடுத்த தண்ணிதானேன்னு குடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

ருசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1854இல் லண்டனில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா வந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். டாக்டர் ஜான் ஸ்னோ விசாரித்தபோது, அந்தத் தெருவுக்கு வெகு தூரத்தில் வாழ்ந்த ஒரு விதவைப் பெண்மணியும் அதே நோயில் இறந்தது தெரியவந்தது. முன்பு அந்தப் பகுதியில் இருந்தவர். அங்குள்ள தெருக்குழாய்த் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் நாள்தோறும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்து, அதே தண்ணீரைக் குடித்த உறவுப் பெண்ணும் இறந்தாள். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவின் வயிறு பல வருடம் அந்தக் கிணற்றோடு பழகியிருக்கலாம். பிடோக்கில் வளரும் பேரப்பிள்ளைகளின் வயிறு பழகவில்லை.

உங்கள் பேட்டையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நீங்கள் மாலையில் காற்று வாங்கும் பிடோக் நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் மணல் தோண்டிய பள்ளம். 1986இல் நீர்த்தேக்கத் திட்டம் முடிந்தது. புழங்கிக் கழித்த தண்ணீரைச் சுத்திகரிக்கும் 'நியூவாட்டர்' 2003இல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும்தான் தொடங்கியது. நுண்வடிகட்டியில் வடித்த தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனாலும் அதை மறுபடியும் மெல்லிய சவ்வு வழியே அழுத்தி, புற ஊதாக் கதிரும் காட்டுகிறார்கள். (சிங்கப்பூரில் கிணறு ஏது என்று கேட்பவர்கள் சாங்கியில் படகேறி உபின் தீவுக்குப் போய்ப் பாருங்கள்.)

சரி, கிணறு ஏன் கலங்குகிறது? ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால், உறையில் வெடிப்போ விலகலோ இருக்கிறது, அல்லது மேட்டு நீர் உள்ளே வழிகிறது. இறைக்கும்போது தெளிவாக இருந்து பிறகு செம்பழுப்பானால் அது இரும்பு. பச்சை படர்ந்தால் வெயில் விழுந்து பாசி பிடித்திருக்கிறது. உங்கள் கிணறு மழைக்குத்தான் கலங்குகிறது என்கிறீர்கள். எனவே மேல்தண்ணீர்தான் எதிரி. மேல்தண்ணீர் என்றால் கோழிக்கூண்டும் மாட்டுச் சாணமும் கக்கூஸும் கலந்த தண்ணீர். உறை இடுக்குகளைச் சிமெண்டால் பூசி, கைப்பிடிச் சுவரை முழங்காலுக்கு மேல் உயர்த்தி, சுற்றிலும் வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டு, ஒரு மூடியும் செய்யுங்கள். கக்கூஸ் 30 மீட்டருக்குள் இருந்தால் இடத்தை மாற்றத்தான் வேண்டும். தூர் வார யாரையும் தனியே உள்ளே இறக்காதீர்கள். பழைய கிணற்றில் காற்றே ஆளைக் கொல்லும். அது பழகிய ஆட்களின் வேலை.

தண்ணீர் தெளிந்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சேறும் மக்கிய இலையும் இருந்தால் அவையே மருந்தின் வேகத்தை விழுங்கிவிடும். கிணற்றின் அகலத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீர் நிற்கும் ஆழத்தாலும் 785ஆலும் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று தெரியும். ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் தண்ணீர் என்றால் 1,570 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல தூள். ஆக நான்கு கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் மேல்நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மூடி வைத்து, மறுநாள் சுத்தமான இரண்டு குடங்களில் மாற்றி மாற்றி ஊற்றினால் போன ருசியும் பெரும்பாலும் திரும்பிவிடும். அம்மா ஒப்புக்கொள்ள இது ஒரு வழி.

கைக்குழந்தையின் புட்டிக்கு மட்டும் இந்தக் கிணறே வேண்டாம். நிலத்தைச் சுற்றிச் செம்பனையும் பால்மரமும் இருக்குமே, அங்கே போடும் உரத்தின் நைட்ரேட் ஆழமில்லாக் கிணறுகளில் இறங்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டி இன்னும் கூடும். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் விசாரித்துத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை குழந்தைக்குப் பிடோக் குழாய்த் தண்ணீரைக் கலனில் கொண்டுபோய், அங்கே காய்ச்சிக் கொடுங்கள். சுமைதான், தெரியும்.

அந்தக் கண்ணாடிப் புட்டியின் அடியில் என்ன படிந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.