உடும்புப்பிடி கிளட்ச்

பெங்களூரில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவரைப் பணக்காரர் என்று சொல்லிவிட முடியாது. முழங்கால் வலிக்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம். 2022-ல் இந்த நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போகச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது என்று கணக்கிட்டது டாம்டாம் நிறுவனம். அந்த ஆண்டு மந்தகதிப் பட்டியலில் லண்டனுக்கு அடுத்த இடம். சில்க் போர்டு சந்திப்பில் கிளட்சை மிதித்து மிதித்து ஓய்ந்துபோனவர்கள், அடுத்த கார் வாங்கும்போது இடது காலுக்கு விடுதலை கேட்பதில் வியப்பில்லை.

கால் விடுதலையானது உண்மை. ஆனால் கிளட்ச் ஒழிந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குடிபோய்விட்டது, அவ்வளவுதான். கெட்டுப்போகும்போதுதான் அது உள்ளே இருக்கும் விஷயமே பலருக்குத் தெரிகிறது.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் பல ஜாதிகள் உண்டு. 2014-ல் மாருதி செலேரியோ பிரபலமாக்கிய ஏ.எம்.டி., சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்க காலுக்குப் பதில் ஒரு இயந்திரக் கை. இரட்டை கிளட்ச் வண்டிகள் இன்னொரு வகை. பழைய, உறுதியான வகை டார்க் கன்வெர்ட்டர். இதில் எஞ்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் தூது. ஒரு மின்விசிறியின் காற்று எதிரே உள்ள இன்னொரு விசிறியைச் சுழற்றுவது மாதிரி. அதனால்தான் சிக்னலில் 'டி'யில் நின்றாலும் எஞ்ஜின் அணைவதில்லை. ஆனால் எண்ணெய் வழியே போகும் சக்தியில் கொஞ்சம் வீணாகிறது, சூடாகிறது. வேகம் பிடித்தபின் அந்த நஷ்டத்தைத் தவிர்க்க, இரண்டு பக்கத்தையும் நேராக இணைக்கும் ஒரு பூட்டு கிளட்ச் உண்டு. சிக்கல் பல நேரங்களில் இங்கேதான்.

இந்தக் கோளாறை ஆங்கிலத்தில் 'ஸ்டக் ஆன்', 'ஸ்டக் ஆஃப்' என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். 'மாட்டிக்கொண்டது' என்று தமிழாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும்; நோயும் குழம்பிவிடும். முதலாவது, பிடித்த பிடியை விடாதது. உடும்புப்பிடி. இரண்டாவது, பிடிக்கவே மாட்டேன் என்பது. பிடிக்காவிட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், எண்ணெய் சூடேறும், வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். விடாவிட்டால் பிரேக் போட்டு நிற்கும் நேரத்தில் எஞ்ஜின் குலுங்கி அணைந்துவிடும். கிளட்சை மிதிக்காமல் சாதாரண காரை நிறுத்தினால் என்ன ஆகுமோ, அதேதான். பின்னால் பி.எம்.டி.சி. பஸ் வந்துகொண்டிருந்தால் இது தமாஷ் அல்ல.

கண்டுபிடிப்பது எப்படி? முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். நியூட்ரலில் எஞ்ஜின் சீராக ஓடுகிறதா? அங்கேயும் அணைந்தால் கிளட்ச் மீது பழி போட வேண்டாம், கோளாறு எஞ்ஜினில். நியூட்ரலில் நன்றாக ஓடி 'டி'யில் மட்டும் அணைந்தால், எப்போது என்று கவனிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த வண்டியை 'டி'யில் போட்டவுடனே அணைந்தால் கிளட்சே ஒட்டிக்கொண்டிருக்கலாம். காலையில் ஒழுங்காகக் கிளம்பி, சூடேறி, ஒரு முறை வேகமெடுத்து நிற்கும்போது மட்டும் அணைந்தால் சந்தேகம் வேறு பக்கம் திரும்புகிறது: கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தத்தைத் திறந்து மூடும் வால்வு, அல்லது அதை இயக்கும் சோலனாய்டு.

அடுத்து ஸ்கேனர். பி 0740 என்றால் மின்சுற்றில் கோளாறு. பி 0741 பிடிக்காதது. பி 0742 விடாதது. எண் வந்ததும் தீர்ப்பு வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டருக்குக் கிளட்ச் தெரியாது. எஞ்ஜின் வேகத்தையும் கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டின் வேகத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருக்க வேண்டிய நேரத்தில் இல்லையென்றால் 'விடவில்லை' என்று ஊகிக்கிறது. ஏன் விடவில்லை என்பதை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோலனாய்டின் மின்தடையை மீட்டரில் அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். எண்ணெயை ஒரு வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் தகடுகள் எரிந்திருக்கின்றன. அடித்தட்டின் காந்தத்தில் மெல்லிய பொடி இருப்பது சகஜம். உலோகச் சிலாம்புகள் கிடந்தால் அது வேறு கதை.

சிக்கல் அந்தக் கையேட்டில்தான். ஜே.சி. ரோடில் எந்த உதிரிபாகத்தையும் தேடிப்பிடிக்கலாம் என்பது பெங்களூர்க்காரர்களின் நம்பிக்கை. கை பழகிய மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் சரியான அளவு எது என்று சொல்லும் தகவல் கம்பெனிகளின் பூட்டுக்குள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் தயாரிப்பாளர்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இதற்காகத்தான். உதிரிபாகங்களையும் நோயறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் சந்தையை அடைத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-ல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதன் நான்கு துறைகளில் ஆட்டோமொபைலும் ஒன்று.

தகவல் இல்லாத இடத்தில் ஊகம் நுழைகிறது. ஊகத்தின் பில் எப்போதும் பெரியது. சோலனாய்டு மாற்றினால் தீரும் நோய்க்கு முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னால் செலவு லட்சத்தைத் தாண்டக்கூடும். கூடவே ஒரு வசவும் இலவசம்: 'நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை.' ஆஸ்திரேலியாவில் இதே வசவு நீதிமன்றம் வரை போனது. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இரட்டை கிளட்ச் வண்டிகள் குலுங்குவதாகப் புகார் சொன்னவர்களில் சிலரிடம், காரணம் அவர்கள் ஓட்டும் விதமே என்று சொல்லப்பட்டது. 2018-ல் அங்குள்ள பெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

நெரிசல் கியர்பாக்ஸைச் சூடாக்கும் என்பது உண்மை. அதற்காக எண்ணெயை ஒழுங்காகப் பார்த்து மாற்றுவது நம் கடமை. ஆனால் கோளாறு வந்தபின் மூன்றைக் கேட்பது நம் உரிமை. கோட் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எண்ணெயைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சோதனையில் என்ன அளவு வந்தது, வந்திருக்க வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் சொல்பவரிடம் வண்டியைத் தைரியமாக விடலாம். 'மொத்தமா மாத்திடலாம் சார்' என்பது மட்டுமே பதிலானால், சாவியை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுவது நல்லது.